சென்னை மாகாணத்துப் பொதுப் பள்ளிகளும் கல்வி ஏற்றத்தாழ்வும்

கல்வி மக்கள் யாவர்க்கும் பொதுவுடைமை என்பதை இக்காலத்தில் மறுப்பார் ஒருவரும் இலர். ஆயினும், பொதுப் பணத்தால் நடைபெறும் பள்ளிகளில் ஒரு சாரார் பிள்ளைகள் முன்னும் மற்றொரு சாரார் பிள்ளைகள் பின்னும் நிற்கக் காணுங்கால், அதற்குக் காரணம் யாதென்று ஆராய்வார் சிலரே. "அவர்களுக்கு அவ்வளவுதான் வரும்" என்று கூறி அமைவார் பலர். அறிவு குலத்தின்வழி வருவது என்பதும், ஏழைக்குப் படிப்பில் நாட்டமில்லை என்பதும், பெண்ணுக்கு எழுத்து எதற்கு என்பதும் இவ்வொரு சொல்லின் கிளைகளே.

இச்சொல் மெய்யோ பொய்யோ என்பதை வெறும் வாதத்தால் முடிவு செய்ய வேண்டுவதில்லை. நம் நாட்டுக் கல்வியின் சரித்திரமே அதற்குத் தக்க சான்றாக நிற்கின்றது. சென்ற 200 ஆண்டுகளில் சென்னை மாகாணத்திலும், பின்னர்த் தமிழ்நாட்டிலும், பின்தங்கியவர்களின் குறையென்று கருதப்பட்டது எதுவோ, அது ஆராய்ந்து பார்த்தவிடத்துப் பள்ளி இருந்த இடமாகவோ, கட்டவேண்டிய சம்பளமாகவோ, வயிற்றுப் பசியாகவோ, உபாத்தியாயர் போதாமையாகவோ வெளிப்பட்டு வந்துள்ளது. தடை நீங்க நீங்க இடைவெளியும் குறுகி வந்துள்ளது. இதனைக் கால வரிசையில் எடுத்துக்காட்டி, அதனின்றும் நம்மனோர் கொள்ளத்தக்க கடமையையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மன்றோவின் கணக்கு

சென்னைக் கவர்னராயிருந்த சர் தாமஸ் மன்றோ, மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் உள்ளன, அவற்றில் யார் யார் படிக்கின்றனர் என்று கணக்கெடுத்து அனுப்புமாறு 1822-ஆம் ஆண்டில் ஜில்லாக் கலெக்டர்களுக்குக் கட்டளையிட்டார். வந்த விடைகளைத் தொகுத்து 1826-ஆம் ஆண்டில் அவர் எழுதிய குறிப்பில், 1,28,50,941 மக்கள் வாழ்ந்த இம்மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன என்று காண்கின்றோம். ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி. இவற்றிற் பெரும்பாலானவை திண்ணைப் பள்ளிகள். மணலில் விரலால் எழுதி, ஓலையில் எழுத்தாணியால் வரைந்து, எண்சுவடி ஒப்பித்துப் பயின்ற பள்ளிகள் அவை.

வீட்டிலேயே கற்பிக்கப்பட்டவர்களையும் சேர்த்துப் பார்த்தால், ஐந்து முதல் பத்து வயது வரையுள்ள ஆண்பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கல்வி பெற்று வந்தனர் என்று மன்றோ மதிப்பிட்டார். அக்காலத்து ஐரோப்பிய நாடுகள் பலவற்றோடு ஒப்பிடுங்கால் இஃது இழிவான நிலையன்று. கலெக்டர்களின் அட்டவணைகளில் தமிழ் ஜில்லாக்களைப் பார்த்தால், சூத்திரர் என்ற தலைப்பின்கீழ் எழுதப்பட்ட பிள்ளைகளின் தொகையே மிகுதி. ஆதலின், முற்காலத்தில் எழுத்தறிவு ஒரு வகுப்பாருக்கு மட்டுமே உரித்தாயிருந்தது என்று ஒரேயடியாகக் கூறுவது பொருந்தாது.

ஆயினும் அவ்வட்டவணை மற்றொரு செய்தியையும் சொல்லுகின்றது. பள்ளிகளிற் படித்த ஆண்பிள்ளைகள் 1,84,110 பேர். பெண்பிள்ளைகள் 4,540 பேர். நாற்பது ஆண்பிள்ளைகளுக்கு ஒரு பெண்பிள்ளை என்ற அளவே அது. மாகாணம் முழுவதிலும் பெண்குழந்தைகளுக்கு அறிவு நாற்பதில் ஒரு பங்கே அமைந்திருந்தது என்று இன்று எவரேனும் சொல்வாரா? சொல்லார். அன்றோ, அந்நிலை இயற்கையென்றே எண்ணப்பட்டது.

மற்றும், திண்ணைப் பள்ளியில் மாதம் நான்கணா, ஆறணா, எட்டணா என்று சம்பளம் கட்ட வேண்டியிருந்தது. கல்வி தாழ்ந்திருந்ததற்குக் குடிகளின் வறுமையும், ஊக்குவிப்பார் இன்மையும் காரணம் என்று மன்றோவே எழுதினார். பல்லாரி ஜில்லாக் கலெக்டராயிருந்த காம்பெல் என்பவர் 1823-இல் அனுப்பிய அறிக்கையில் இன்னும் விளங்கக் கூறினார். ஐரோப்பியத் துணி வந்து உள்நாட்டு நெசவுத் தொழில் நலிந்தமையாலும், பொதுவாகக் குடிகள் வறியராகி வந்தமையாலும், பிள்ளைகள் கை கால் வழங்கத் தொடங்கியவுடனே பெற்றோர் அவர்களை வேலைக்கு அனுப்பும்படியாயிற்று என்பது அவர் கருத்து. குடிகளின் விருப்பத்தையோ அறிவையோ அவ்விருவரும் குறைகூறவில்லை. வறுமையையே கூறினர்.

மன்றோ ஜில்லாதோறும் தாலூக்காதோறும் அரசாங்கச் சம்பளத்தில் உபாத்தியாயர்களை நியமிக்கத் திட்டம் வகுத்தார். அவர் 1827-இல் காலராவால் இறந்தார். அத்திட்டமும் நெடுநாள் நிலைக்கவில்லை, 1836-இல் கைவிடப்பட்டது. மேல்வகுப்பார் சிலருக்கு ஆங்கிலக் கல்வி அளித்தால் அது தானே வடிந்து கீழுள்ளாரைச் சென்று சேரும் என்ற கொள்கை அந்நாளில் மேலோங்கிற்று. மேட்டு நிலத்து மடையிலேயே நீர் தேங்கி நின்றது; கடைமடைக்கு வந்து சேரவில்லை.

தேர்ச்சிக்குத் தக்க கூலி

1854-ஆம் ஆண்டில் ஸர் சார்லஸ் வுட் அனுப்பிய கல்விக் கடிதம் பொதுமக்கள் கல்வியையும் அரசாங்கம் கவனித்தல் வேண்டும் என்று கூறிற்று. அதன்வழி உதவித்தொகை முறை ஏற்பட்டது. பள்ளி நடத்துவோர் ஒரு பங்கு பொருள் திரட்டினால் அரசாங்கம் மற்றொரு பங்கு கொடுக்கும். இது நல்ல ஏற்பாடே. ஆனால் இதன் விளைவை நேயர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். பொருளுள்ள ஊராரும், வணிகம் வளர்ந்த வகுப்பாரும், பாதிரிமார் சங்கங்களும் பள்ளி கட்டி உதவித்தொகை பெற்றனர். கூலி வேலை செய்வோர் மட்டுமே வாழ்ந்த சேரியில் முதற்பங்கு திரட்டுவார் யார்? முதற்பங்கு இல்லாதவிடத்து இரண்டாம் பங்கும் வாராதன்றோ? இவ்வாறு பொதுப்பணம், உள்ளவிடத்துக்கே மேலும் சென்றது.

இதனினும் நுட்பமான தீங்கு ஒன்றும் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் நுழைந்தது. இங்கிலாந்தில் 1862-இல் ஏற்பட்ட, தேர்ச்சிக்குத் தக்கபடி பணம் கொடுக்கும் முறை, சென்னை மாகாணத்து ஆரம்பப் பள்ளிகளுக்கும் வந்தது. இன்ஸ்பெக்டர் பரீட்சை நடத்துவார். எத்தனை பிள்ளைகள் எழுத்திலும் படிப்பிலும் கணக்கிலும் தேறினரோ, அத்தனைக்குத் தக்கபடி உபாத்தியாயருக்குத் தொகை கிடைக்கும். கேட்பதற்கு இது நியாயமாகவே தோன்றும். ஆயின், மாதம் சில ரூபாய்களுக்குப் பிழைப்பு நடத்தும் உபாத்தியாயர் யாது செய்வார்? தேறக்கூடிய பிள்ளையைப் பிடித்து உருவேற்றுவார். அறுவடைக் காலத்தில் வாராது நின்ற பிள்ளையையும், வீட்டில் சொல்லிக்கொடுப்பார் இல்லாத பிள்ளையையும் கைவிடுவார். முன்னே இருப்பவனை மேலும் முன்னே தள்ளி, பின்னே இருப்பவனை அங்கேயே நிறுத்தும் சூத்திரமாக அது முடிந்தது. கர்ஸன் பிரபு காலத்தில் 1904-இல் வெளியான கல்விக் கொள்கைத் தீர்மானமும் இம்முறையைத் தள்ளியது. முறை போயிற்று, அதன் மனப்பான்மை போயிற்றா என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

சட்டம் திறந்த வாயில், ஊர் அடைத்த வாயில்

தாழ்த்தப்பட்ட வகுப்பாரின் நிலை இவற்றினும் கொடியது. 1856-ஆம் ஆண்டில் பம்பாய் மாகாணத்துத் தார்வாரில் மகார் வகுப்புச் சிறுவன் ஒருவன் அரசாங்கப் பள்ளியில் சேர விண்ணப்பித்தான். சேர்த்தால் மற்றவர் நின்றுவிடுவர் என்று பம்பாய் அரசாங்கம் மறுத்தது. இலண்டனிலிருந்த கம்பெனியின் இயக்குநர்கள் 1857-இல், அரசாங்கப் பள்ளியில் சாதி காரணமாக எந்தப் பிள்ளையையும் மறுத்தல் கூடாது என்று எழுதினர். 1882-இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழுவும் அவ்விதியையே உறுதி செய்தது. ஆனால், அதனை மிகுந்த எச்சரிக்கையோடு நடத்த வேண்டும் என்றும், தனிப் பள்ளிகளை ஏற்படுத்தலாம் என்றும் உடன் கூறிற்று. விதி ஒரு கையால் திறந்த கதவை எச்சரிக்கை மறு கையால் சாத்திற்று எனலாம்.

சென்னை மாகாணத்தில் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த திரமென்ஹீர், தம் ஜில்லாவின் பறையர் நிலை குறித்து விரிவான அறிக்கை ஒன்றை எழுதினார். அது 1892-இல் அரசாங்கத்தின் ஆராய்ச்சிக்கு வந்தது. அடுத்த ஆண்டாகிய 1893-இல், அரசாங்கக் காகிதங்களில் பஞ்சமர் என்று குறிக்கப்பட்ட அம்மக்களின் கல்விக்காகச் சிறப்பாணை ஒன்று பிறந்தது. அதே 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்னும் பத்திரிகையைத் தொடங்கினார். 1894-இல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றில் பஞ்சமர் இலவசப் பள்ளியை நிறுவினார். பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் தோற்றுவித்த பத்திரிகையிலும் கல்வி வேட்கை ஓயாது ஒலித்தது. அம்மக்களுக்குக் கல்வியில் நாட்டமில்லை என்பார்க்கு இவையே விடை. பத்திரிகை நடத்தும் அளவுக்கு எழுத்தை மதித்தவர்களைப் பள்ளிதான் மதிக்கவில்லை.

எவ்வளவு மதிக்கவில்லை என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பொது நிர்வாகத்திலிருந்த பள்ளிகளில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் சேரக்கூடியவை எத்தனை என்று சென்னை அரசாங்கம் விசாரித்தது. 1919-ஆம் ஆண்டு ஆணையில் அதன் முடிவு காணப்படுகின்றது. மொத்தப் பள்ளிகள் 8,157. அவர்களுக்கு இடம் தந்தவை 609. பதின்மூன்றுக்கு ஒன்று என்ற வீதங்கூட இல்லை. சாதி காரணமாக மறுத்தல் கூடாது என்று இயக்குநர்கள் எழுதி 62 ஆண்டுகள் கழிந்த பின்னரும் நிலை இதுவே!

காரணம் யாதெனில், பள்ளிக்கூடம் நின்ற இடமே முதற்காரணம். அக்கிரகாரத்திலும், கோயிலை ஒட்டிய கட்டடத்திலும், ஊர்ச் சாவடியிலும் பள்ளி வைத்திருந்தால், அத்தெருவிலேயே நடக்கக்கூடாதென்று தடுக்கப்பட்ட பிள்ளை பள்ளிக்குள் எங்ஙனம் நுழையும்? சேர்க்கைப் புத்தகத்தில் மறுப்பு எழுதப்படவில்லை; தெருவே மறுப்பாயிருந்தது. ஆகவே அவ்வாணை, எல்லாரும் அணுகக்கூடிய இடங்களுக்குப் பள்ளிகளை மாற்றுமாறு கூறிற்று. 1920-இல் ஏற்பட்ட தொழிலாளர் இலாகா சேரிகளிலேயே பள்ளிகளைத் திறந்தது. அவற்றின் வழிவந்தவையே இன்று ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். தனிப் பள்ளி என்பது முழு நியாயமன்று. ஊர்ப் பள்ளியின் வாயிலைத் திறக்கும் துணிவு போதாமையால் ஏற்பட்ட மாற்று வழியே அது. ஆயினும், ஒரு பள்ளியுமின்றிக் கிடந்த இடத்தில் அதுவே முதல் விளக்காயிற்று.

நுழைந்தவர் நிலைத்தாரா?

பள்ளிக்குள் நுழைவதே கல்வியாகிவிடாது. 1920-இல் நிறைவேறிய சென்னை ஆரம்பக் கல்விச் சட்டம், விரும்பும் ஸ்தல ஸ்தாபனங்கள் கட்டாயக் கல்வியை நடைமுறைக்குக் கொண்டுவர வழிவகுத்தது. பள்ளிகளும் பெருகின. ஆனால் 1929-இல் வெளிவந்த ஹார்ட்டாக் குழுவின் அறிக்கை கல்வியாளர்களைத் திடுக்கிடச் செய்தது. பிரிட்டிஷ் இந்தியாவில் 1922-23-இல் முதல் வகுப்பில் இருந்த ஆண்பிள்ளைகள் 100 பேரானால், மூன்றாண்டுகளுக்குப் பின் நான்காம் வகுப்பில் இருந்தவர் 18 பேரே. மற்றை 82 பேர் நடுவிலே நின்றனர், அல்லது ஒரே வகுப்பில் தேங்கினர். நான்கு வகுப்பாவது முடியாதவர்க்கு எழுத்தறிவு நிலைப்பதில்லை. கற்றதும் சில ஆண்டுகளில் மறந்து போகும். ஆதலின் செலவான பொருளில் பெரும்பங்கு வீண் என்றே அக்குழு கருதிற்று.

ஏன் நின்றனர்? ஓர் உபாத்தியாயர் மட்டுமே உள்ள பள்ளியில் நான்கைந்து வகுப்புகள் ஒரே கூடத்தில் அமர்ந்திருந்தன. முதல் வகுப்பினர் கவனிப்பாரற்றுக் கிடந்தனர். ஆடுமாடு மேய்ப்பதற்கும், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்வதற்கும் வீட்டார்க்குப் பிள்ளை தேவைப்பட்டது. இவையனைத்தினும் பெரிது பசி. காலையில் பழையதும் இன்றி வந்த பிள்ளை நண்பகலில் வீட்டுக்குப் போனால் மாலையில் திரும்பாது. வீட்டில் அடுப்பு எரிந்திராது.

இதனை முதலிற் கண்டு செயற்பட்டது சென்னை மாநகராட்சி. சர் பிட்டி தியாகராய செட்டியார் அதன் தலைவராயிருந்த காலத்தில், 1920-இல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் நண்பகல் உணவு அளிக்கும் ஏற்பாடு தொடங்கிற்று. பிள்ளைகளின் வருகை பெருகிற்று. வேறு சில பள்ளிகளுக்கும் அது பரவியது. பின்னர்ப் பொருள் முட்டால் சில ஆண்டுகளில் நின்றது. ஆயினும், ஒரு பெருந்தடையின் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்ட புகழ் அதற்கு உரியது.

நாடு விடுதலையடைந்த பின்னர் ஒரு பெரிய வழக்கு எழுந்தது. 1953-இல் முதலமைச்சர் இராஜாஜி கிராமத்து ஆரம்பப் பள்ளிகளுக்கு ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தார். பிள்ளைகள் இரண்டு முறைகளாகப் பிரிந்து நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டும் பள்ளியில் இருப்பர். எஞ்சிய பொழுதில் பெற்றோரின் தொழிலையோ ஊரிலுள்ள கைத்தொழிலையோ பழகுவர். உள்ள பள்ளிகளையும் உபாத்தியாயர்களையும் கொண்டே இருமடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அவர் கூறிய காரணம். பள்ளிகள் போதாமை உண்மையே. ஆனால், தச்சன் மகன் தச்சனாகவும், உழவன் மகன் உழவனாகவும், தோட்டி மகன் தோட்டியாகவும் நிலைபெறுவதற்கே இது வழி என்று பெரியாரும் பிறரும் எதிர்த்தனர். காங்கிரஸிலேயே எதிர்ப்புப் பெருகிற்று. நகரத்துப் பிள்ளைக்கு முழு நாளும் கிராமத்துப் பிள்ளைக்கு அரை நாளும் என்பது எவ்வகையிலும் சமமாகாது. 1954-இல் இராஜாஜி பதவி விலகினார். அவருக்குப் பின் வந்த காமராஜர் அவ்வாண்டே அத்திட்டத்தை நீக்கினார்.

நீக்கியதோடு காமராஜர் நில்லாது, போதாமைக்கு வேறு விடையும் கண்டார். பிள்ளைக்குப் பொழுதைக் குறைக்காது பள்ளியைப் பெருக்கினார். சிற்றூர்கள்தோறும் பள்ளிகள் எழுந்தன. ஊரார் நன்கொடையும் அரசாங்கப் பொருளும் சேர்ந்து 1956-இல் மதிய உணவு தொடங்கிற்று. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய அம்மாநாடுகளில், கட்டடமும் பெஞ்சும் கரும்பலகையும் உடையும் ஊரார் கொடையாக வந்து குவிந்தன. 1982-இல் முதலமைச்சர் எம். ஜி. இராமச்சந்திரன் அவ்வுணவைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் காலைச் சிற்றுண்டியும் அரசாங்க ஆரம்பப் பள்ளிகளில் தொடங்கிற்று. 1920-இல் ஒரு பள்ளியில் இட்ட வித்து நூறாண்டுகளில் மாநிலம் முழுவதும் நிழல் தரும் மரமாயிற்று.

இதன் பயன் கண்கூடு. 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிந்தோர் நூற்றுக்குச் சுமார் 80 பேர். ஆதிதிராவிட வகுப்பாரில் நூற்றுக்குச் சுமார் 73 பேர். ஒரு காலத்தில் பதின்மூன்று பள்ளிகளில் ஒன்றுகூடக் கதவு திறவாத மக்கள், மூன்று நான்கு தலைமுறைகளில் இவ்வளவு அணுக வந்தனர். குருதியில் குறை இருந்திருப்பின் இஃது எங்ஙனம் நிகழ்ந்திருக்கும்? மாறியவை பள்ளியின் இடமும், சம்பளமும், சோறுமே.

உள்ளிருந்தும் பின்தங்குதல்

இனி இன்றைய நிலைக்கு வருவோம். இன்று ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் பள்ளியிற் சேர்கின்றனர். இடைவெளி வாயிலைவிட்டு வகுப்பறைக்குள் நகர்ந்துள்ளது. கிராமத்துப் பிள்ளைகளின் படிப்பை ஆராயும் 'ஏசர்' என்னும் ஆய்வு 2018-இல் இந்தியா முழுவதும் கண்ட முடிவு, ஐந்தாம் வகுப்பினருள் ஏறத்தாழப் பாதிப்பேரே இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க வல்லவர் என்பது. கொரோனா நோயால் பள்ளிகள் மூடப்பட்ட 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் இந்நிலை மேலும் நலிந்தது. கைப்பேசியும் தனியறையும் உள்ள வீட்டுப் பிள்ளை ஒருவாறு கற்றது; மற்றைப் பிள்ளை கற்றதையும் மறந்தது. இதனைச் சீர்செய்யவே 2021-இல் 'இல்லம் தேடிக் கல்வி' என்னும் திட்டத்தின்கீழ்த் தன்னார்வலர்கள் மாலைதோறும் தெருக்களிலும் திண்ணைகளிலும் கற்பித்தனர்.

பொதுக் கல்வியிலும் பலவகைப் பள்ளிகள் இருந்து ஏற்றத்தாழ்வை வளர்த்தன. மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நால்வகைத் திட்டங்கள் ஒரே மாநிலத்தில் நிலவின. 2010-ஆம் ஆண்டின் சமச்சீர்க் கல்விச் சட்டத்தால் அவை ஒன்றாயின. வழக்குக்குப் பின் 2011-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. புத்தகம் ஒன்றாயிற்று; ஆனால் தனிப்பயிற்சிக்குப் பணமுள்ள வீடும் இல்லாத வீடும் ஒன்றாகவில்லை. மருத்துவக் கல்லூரிக்கு 'நீட்' தேர்வு 2017 முதல் தமிழ்நாட்டிலும் கட்டாயமானபோது இவ்வேற்றுமை வெட்டவெளிச்சமாயிற்று. அரசாங்கப் பள்ளியிற் படித்து மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தவர்களை விரல்விட்டு எண்ணும்படி ஆயிற்று. நீதியரசர் கலையரசன் குழுவின் பரிந்துரைப்படி, 2020-இல் அரசாங்கப் பள்ளி மாணவர்க்கு நூற்றுக்கு ஏழரை இடங்கள் ஒதுக்கப்பட்டன. அவ்வாண்டிலேயே 300-க்கு மேற்பட்டோர் மருத்துவம் பயிலச் சேர்ந்தனர். ஓராண்டில் அப்பிள்ளைகளின் மூளை மாறிவிடவில்லை; வழி மாறிற்று. ஆயினும், ஒதுக்கீடு வாயிலைத்தான் திறக்கும். ஆரம்ப வகுப்பில் விடுபட்ட எழுத்தை அது கற்பியாது. அதற்கு நல்ல உபாத்தியாயரும் போதிய பொழுதும் வேண்டும்.

மற்றொரு தடையையும் கூறாது விடுதல் முறையன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு மாணவனும் அவன் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்டனர். வெட்டியவர் உடன் பயின்ற மாணவர்கள். பள்ளிகளில் சாதிப் பூசலை ஒழிக்கும் வழியாராய அமர்த்தப்பட்ட நீதியரசர் சந்துரு 2024-இல் அறிக்கை அளித்தார். சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளை மாணவர் அணியலாகாது என்பதும், பள்ளிகளின் பெயரில் சாதிப் பெயர் இருத்தல் கூடாது என்பதும் அதன் பரிந்துரைகளிற் சில. நன்றாகப் படிக்கும் பிள்ளை அச்சத்தோடு பள்ளிக்குச் செல்ல வேண்டுமாயின், அப்பள்ளியின் தேர்ச்சிக் கணக்கில் சமத்துவம் எங்கிருந்து வரும்? அன்று அக்கிரகாரத்துத் தெரு செய்த வேலையை இன்று மணிக்கட்டுக் கயிறு செய்கின்றது. சாதிச் சங்கம் வைத்து நடத்தும் நாம் அனைவரும், எச்சங்கத்தாராயினும், இவ்வறிக்கையைப் பிறர்க்கு எழுதப்பட்டதென்று ஒதுக்குதல் அறமாகாது.

நமது கடமை

மேலே கண்ட சரித்திரத்தினின்றும் நாம் கொள்ளத்தக்கவை சில உள.

முதலாவது: சங்கங்கள் ஆண்டுதோறும் பரிசளிப்பு விழா நடத்துகின்றன. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் மிகுந்த மதிப்பெண் பெற்றோர்க்குப் பொற்பதக்கமும் தொகையும் வழங்கி, அவர் படங்களைப் பத்திரிகையில் வெளியிடுகின்றோம். இது தவறன்று. ஆனால், தேர்ச்சிக்குத் தக்க கூலி என்ற அந்நாள் முறைக்கும் இதற்கும் எவ்வளவு வேற்றுமை உண்டென்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். முதல் மதிப்பெண் பெறுவோர் பெரும்பாலும் வீட்டில் வசதியுள்ள பிள்ளைகளே. நம் உதவித்தொகையில் ஒரு பாதியையேனும், படிப்பை நிறுத்தும் நிலையிலுள்ள பிள்ளையை நிறுத்தாமற் காக்கச் செலவிடுவோமாயின், அதுவே கடைமடைக்கு நீர் பாய்ச்சுவதாகும்.

இரண்டாவது: ஹார்ட்டாக் குழு செய்ததைக் கிளைதோறும் நாம் செய்யலாம். நம் ஊரில் ஆறாம் வகுப்பிற் சேர்ந்த பிள்ளைகளுள் எத்தனை பேர் பத்தாம் வகுப்பை முடித்தனர், எத்தனை பேர் எப்போது எக்காரணத்தால் நின்றனர் என்று ஒரு குறிப்பேடு வைக்கலாம். ஆண், பெண் வேறு வேறாக எழுதுதல் வேண்டும். பட்டாசுச் சாலைக்கோ, பின்னலாடைத் தொழிற்சாலைக்கோ, திருமணப் பந்தலுக்கோ சென்ற பெயரெல்லாம் அதில் தெரியும். தேறினவர் பட்டியல் நம்மைப் பெருமைப்படுத்தும். நின்றவர் பட்டியல்தான் நமக்கு வழிகாட்டும்.

மூன்றாவது: 2009-ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டப்படி அரசாங்கப் பள்ளிகளில் பெற்றோர் பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு அமைந்திருக்கின்றது. நம் பிள்ளை தனியார் பள்ளியிற் படிப்பினும், ஊர்ப் பள்ளி நம்முடையதே. உபாத்தியாயர் இடம் காலியாயிருத்தலையும், கழிவறையின்மையால் பெண்பிள்ளைகள் படும் அல்லலையும் அக்குழுவிலும் கிராம சபையிலும் எடுத்துரைத்தல் நம் கடன்.

நான்காவது: நாம் நடத்தும் விடுதியும் மாலைப் பாடசாலையும் நூலகமும் எவ்வகுப்புப் பிள்ளைக்கும் திறந்திருத்தல் வேண்டும். நம் முன்னோர்க்கு மறுக்கப்பட்டது எதுவோ, அதனை நாம் மற்றொருவர்க்கு மறுப்போமாயின், நாம் சரித்திரம் படித்ததன் பயன் யாது?

அன்பர்களே! 1826-இல் நாற்பதில் ஒன்றாயிருந்த பெண்பிள்ளைகள் இன்று பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியில் ஆண்டுதோறும் ஆண்பிள்ளைகளை மிஞ்சி நிற்கின்றனர். அவர்களுக்கு அவ்வளவுதான் வரும் என்ற சொல்லை அவர்களே பொய்யாக்கினர். இனி ஒரு பிள்ளை பின்தங்கி நிற்கக் கண்டால், அதன் குலத்தையும் தலையெழுத்தையும் பேசாது, அது காலையில் உண்டதா, எவ்வளவு தொலைவு நடந்தது, அதன் வகுப்புக்கு உபாத்தியாயர் உண்டா, அது யாருக்கேனும் அஞ்சுகின்றதா என்று நான்கு கேள்விகளைக் கேட்போமாக. விடை கிடைத்த இடத்தில் வேலை தொடங்குவோமாக.